உன் வலிக்காத கால்

பெங்களூரில் என் மகன் வாங்கியிருக்கும் வீட்டில் கூரைக்குக் கீழே இன்னொரு கூரை போடுகிறார்கள். அலங்காரமாம். காலையில் ஓர் ஆள் பக்கெட் தண்ணீரில் வெள்ளைப் பொடியைக் கொட்டி, கையாலேயே கலக்கிக்கொண்டிருந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் டீ டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன். "இன்னா அத்தே, தூசி ஒத்துக்கலையா?" என்று மருமகள் கேட்டாள். ஆமாம் என்றேன். மாவுக்கட்டு வாடை என்றால் அவளுக்கு என்ன தெரியும்? ஈரமும் சுண்ணாம்பும் இளஞ்சூடும் சேர்ந்த வாடை. எனக்கு அது உன் கால்.

நீ போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது. சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான பாலகாட் லைனில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானுமாக இருந்ததை நினைத்தால், இப்போதும் சுவரைத் தட்டினால் நீ திருப்பித் தட்டுவாய் என்றே தோன்றுகிறது. நம் இரண்டு பேர் வீட்டுக்காரர்களும் தங்கச் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். கேஜ் என்கிற ஒரே இரும்புக் கூண்டில் இறங்குவார்கள், கீழே போனபின் ஆளுக்கொரு ஆழத்தில் ஆளுக்கொரு லெவல். அவர்கள் மேலே வந்து சேரும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். நீ துணி துவைத்துக்கொண்டே சிரிப்பாய். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான்மே" என்பாய். என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியும் உன்னைப் போல ஒரு துணிச்சல்காரியும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வந்து விழுந்தது ஆண்டவன் செய்த குறும்பு.

உன் காலைப் பற்றி எனக்கு முதன்முதலில் பயம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ கோயிலில் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து, அடுப்படி வரைக்கும் நடந்து, கருவேப்பிலை கேட்டாய். நான் திரும்பிப் பார்த்தபோது வாசலிலிருந்து அடுப்படி வரை சிமெண்ட் தரையில் சிவப்புச் சிவப்பாக ஒற்றைக்கால் தடம். குங்குமத்தை மிதித்துவிட்டாய் என்றுதான் நினைத்தேன். உன்னை உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி. வாசலில் கழற்றிப்போட்ட உன் செருப்பை எடுத்துத் தடவினேன். செருப்பு தைக்கிறவர் அடித்த ஆணி உள்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆணிமேல் கோயிலுக்குப் போய், முழுப் பூசையும் நின்று, திரும்பி வந்திருக்கிறாய்.

"வலிக்கலையா?" என்றேன்.

"இல்லியே. வலிச்சா தெரியாதா எனக்கு?" என்று நீயே ஆச்சரியப்பட்டுக் கேட்டாய். வலிக்காததை ஒரு நல்ல செய்தியாக நீ சொன்னாய்.

சக்கரை உனக்கு முன்னமே இருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு, கல்யாண வீடுகளில் லட்டும் தின்றுகொண்டு, அதை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் இருந்தாய். அந்தக் குழி மட்டும் உன்னை விடவில்லை. மஞ்சள் வைத்தோம், களிம்பு தடவினோம், நம்மூர் ஆஸ்பத்திரியில் தினமும் கழுவிக் கட்டினார்கள். ஆறுகிற மாதிரி இருக்கும். நீ நாலு குடம் தண்ணீர் தூக்கியதும் மறுபடி வாய் திறக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனபின், ஊர் டாக்டர் உன் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். இப்படியே விட்டால் பாதிப் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்றாராம். அதற்கு முன்னால் வேலூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சக்கரைப் புண்ணுக்குப் புதிதாக ஒரு கட்டுப் போடுகிறார்கள், அதையும் பார்த்துவிடுங்கள் என்றாராம். ஆண்கள் ஷிஃப்டை விட முடியாது. நான்தான் உன்னோடு மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினேன். பங்காரப்பேட்டையில் மாறி, காட்பாடியில் இறங்கினோம்.

அங்கே டாக்டரம்மா உன்னைக் கட்டிலில் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலான் இழையை எடுத்து, பாதத்தில் தொடும்போதெல்லாம் "ம்" என்று சொல்லச் சொன்னார். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். குதிகாலில் தொட்டார். நடுப்பாதத்தில் தொட்டார். விரல் விரலாக அழுத்தினார், இழை வளைகிறவரைக்கும். உன் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. முழுவதும் முடித்துவிட்டு அவர் இழையை மேஜைமேல் வைத்தபோது, நீ கண்ணை மூடியபடியே, "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டரம்மா?" என்றாய். சிரித்த முகமாக, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தாய். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, புண் எலும்புவரை போகவில்லை, அதனால் கட்டுப் போடலாம் என்றார். பஞ்சு அதிகம் வைக்காமல், பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் ஒட்டும்படி ஈர மாவுத்துணியைச் சுற்றி, உள்ளங்கையால் நீவி நீவி முழங்காலுக்குக் கீழ்வரை கொண்டுவந்தார்கள். அடியில் ஒரு ரப்பர் குதிகால். உடம்புப் பாரம் புண்மேல் மட்டும் இறங்காமல் கால் முழுவதும் பரவிவிடுமாம். "உங்க காலுக்கு வலி தெரியல. வலி செய்யவேண்டிய வேலையை இந்தக் கட்டு செய்யும்" என்றார். மாவு இறுகும்போது சூடாகும், தெரிகிறதா என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் கட்டின்மேல் கை வைத்துப் பார்த்து, "சூடா கீதும்மா" என்று உனக்குப் பதிலாகச் சொன்னேன்.

"இது யாருக்குப் போடுற கட்டு?" என்று நீ கேட்டாய். மரத்துப்போன கால்களுக்காகத் தொழுநோய் என்கிற பெரிய வியாதிக்காரர்களுக்கு ரொம்ப காலமாகப் போட்டு வந்தது, இப்போது சக்கரைக்காரர்களுக்கும் போடுகிறோம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நாளில் உன் முகம் கறுத்தது அப்போது ஒரு தடவைதான். கால் போவதற்குப் பயப்படாதவள், லைனில் நாலு பேர் பெரிய வியாதி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தாய். திரும்பி வரும்போது ரயிலிலேயே கதை கட்டிவிட்டாய். கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து எலும்பு முறிந்ததாம். லைன் முழுவதும் நம்பியது. ஆளாளுக்கு வந்து, "புத்தூருக்குப் போயி நாட்டுக் கட்டு போட்டுக்கினு வந்திருக்கலாமே" என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்கள். நீ பவ்யமாகத் தலையாட்டினாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. கொஞ்சமாக நடக்கலாம், ஓடக்கூடாது, கட்டு நனையக்கூடாது. விரிசல், வாடை, காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே புறப்பட்டு வரவேண்டும். உள்ளே என்ன நடந்தாலும் உனக்குத் தெரியப்போவதில்லை என்பதால் இவ்வளவு கட்டுத்திட்டம். தினமும் காலையில் உன் வீட்டுக்கு வந்து, கட்டைத் தட்டிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். "ஒரு முத்தமும் குடுத்துட்டுப் போ" என்பாய். வாரம் ஒரு தடவை போய்க் கட்டைப் பிரித்து, பார்த்து, புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு தடவையும் குழி சின்னதாகிக்கொண்டே வந்தது. மாதக்கணக்கில் ஆறாதது ஆறியது. ஒருநாள் டாக்டரம்மா சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, "இவ்வளவுதான் பாக்கி" என்றார். எனக்கு அப்போதும் பயம் போகவில்லை. நல்லது நடக்கும்போது எனக்குப் பயம் அதிகமாகும். அது என் பிறவிக் குணம்.

அப்போதுதான் அந்த பர்ஸ்ட் வந்தது.

சுரங்கத்துக்குள் பாறை வெடிப்பது மேலே வீடுகளில் எப்படி இருக்கும் என்று இங்கே யாரிடம் சொன்னாலும் புரிவதில்லை. தரை ஒருமுறை தூக்கிப் போடும். அலமாரியில் பாத்திரமெல்லாம் கடகடவென்று பேசும். ஓட்டிலிருந்து மண் உதிரும். அவ்வளவுதான், அப்புறம் அமைதி. அந்த அமைதியில் லைன் முழுவதும் ஒரு பெண்ணும் கத்தமாட்டாள். அடுப்பை அணைப்பாள், கதவைச் சாத்துவாள், சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவாள். நம் மாமியார்கள் அப்படித்தான் ஓடினார்கள், நாமும் அப்படித்தான் பழகியிருந்தோம். அன்றைக்கு முதல் ஷிஃப்ட். நம் இரண்டு பேர் ஆட்களும் கீழே.

நான் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் உன் வீட்டுக்குத்தான் ஓடிவந்தேன். நீ ஏற்கெனவே வாசலில் நின்றாய். நான் குறுக்கே கையை நீட்டி மறித்தேன்.

"நீ வராதே. உக்காரு. நான் பாத்துட்டு ஓடியாந்து சொல்றேன்."

"உன் புருஷன் மட்டுந்தான் கீழ கீறானா?"

"காலு போயிடும்மே!"

"ஆளு போனா காலை வச்சிக்கினு நான் இன்னா பண்றது? வுடு கையை."

என்னைத் தள்ளிவிட்டு ஓடினாய். மழை தூறிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் அந்த ரப்பர் குதிகால் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனது. நான் இரண்டு நல்ல கால்களை வைத்துக்கொண்டு உன்னைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடினேன். ஒரு பயம் முன்னால் ஷாஃப்டில், இன்னொரு பயம் உன் காலில். எதற்கு முதலில் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்தே பயந்தேன்.

கேட்டுக்கு வெளியே மழையிலேயே நின்றோம். கேஜ் மேலே வரும்போதெல்லாம் கூட்டம் கேட்டை நெருக்கும். என் வீட்டுக்காரர் வந்தார். அடுத்த கேஜில் உன் வீட்டுக்காரர் முகமெல்லாம் தூசியோடு வந்தார். நீ அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாய். எல்லாரும் வந்தார்கள், முனுசாமி மட்டும் வரவில்லை. நம் லைனின் கடைசி வீட்டு முனுசாமி. பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள்.

கூட்டம் கலைந்தபிறகுதான் உன் காலைக் கீழே குனிந்து பார்த்தேன். ரப்பர் குதிகால் ஒருபக்கம் சாய்ந்திருந்தது. விரல்கள் பக்கம் கட்டு விரிந்து, மாவு கூழாகி, செம்மண் ஏறியிருந்தது. அப்போதே ரயில் ஏறலாம் என்று நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ அசையவில்லை.

உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். கீழே மாட்டிக்கொண்டவன் உயிரோடோ பிணமாகவோ மேலே வரும்வரை லைனில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது. ஒருத்தரும் ஊர் எல்லை தாண்டமாட்டார்கள். தாண்டினால் அவன் வரமாட்டான் என்பது நம்பிக்கை. சுரங்கத்தில் ஆள் இல்லாத பக்கத்துத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ்காரர்கள் பாத்திரம் பாத்திரமாகச் சோறு கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைத்தான் தின்போம். உன் அண்ணன் ஒருதடவை கீழே மாட்டிக்கொண்டபோது லைன் முழுவதும் உன் வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தது. முனுசாமியின் பெண்சாதி அன்றைக்கு உன்னை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ எனக்காக உக்காந்தா. இப்ப நான் காலைத் தூக்கிக்கினு ஊர் தாண்டுறதா? அவன் வரட்டும்மே, போலாம். வலிக்கவே இல்ல, சத்தியமா" என்றாய்.

வலிக்கவே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அந்தச் செருப்பு ஆணிதான் ஞாபகம் வரும். உன் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தோண்டுகிற கூட்டத்தோடு மறுபடி கீழே இறங்கிக்கொண்டிருந்தார், அவர் காதில் எதுவும் ஏறவில்லை. நீ முனுசாமி வீட்டு வாசலில் அவன் பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கட்டின்மேல் புடவையை இழுத்து மூடிக்கொண்டு. நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்கள் போயின. முனுசாமிக்காக எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். அவன் சீக்கிரம் வரட்டும், எப்படியாவது வரட்டும் என்று நானும் வேண்டினேன். என் வேண்டுதலில் பாதி உன் காலுக்காக.

அவன் பிணமாகத்தான் வந்தான். ஊதுவத்தியும் சாமந்தி மாலையுமாக இருந்த அந்த வீட்டில் எனக்கு மட்டும் வேறொரு வாடை அடித்தது. முதலில் பிணத்திலிருந்து வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாடைத் தேருக்குப் பின்னால் எல்லாரும் போனபிறகும், வீடு கழுவினபிறகும் அந்த வாடை உன்னோடுதான் இருந்தது. நெற்றியைத் தொட்டேன். கொதித்தது.

ரயிலில் உன் காலை என் மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். "நமக்கு நல்லா எடம் கெடைச்சிது பாரு" என்றாய். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது உனக்கு. முழங்காலுக்கு மேலே எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தீர்மானமாகத் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, ஒற்றைக்கால் உனக்கு எந்தப் பக்கம் நான் நிற்கவேண்டும், தண்ணீர் யார் பிடிப்பது என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன்.

கட்டை அறுக்க ரம்பத்தைக் கொண்டுவந்தார்கள். அது சுற்றாது, அதிரும், தோலை வெட்டாது என்று முன்பே நமக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சத்தம் என் பல்லுக்குள் புகுந்தது. நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். நான் அறிந்து உன்னை அப்படிப் பார்த்ததே இல்லை. என் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாய்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. நீ பாத்து சொல்லு. பொய் சொல்லாதே. காலு கீதா?"

பார்த்தேன். டாக்டரம்மா கட்டை இரண்டாகப் பிளந்து எடுத்தார். ஆணி குத்திய இடம் மூடியிருந்தது, இளஞ்சிவப்பாக, பிள்ளைத் தோல் மாதிரி. கட்டு விரிந்த பக்கத்தில் அதன் ஓரம் தேய்த்துத் தேய்த்து, கடைசி இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அதைச் சுற்றிச் சீழ். டாக்டரம்மா எங்கெங்கோ அழுத்திப் பார்த்தார். அவர் வாயையே பார்த்துக்கொண்டு நான் நின்ற அந்த நேரம் இருக்கிறதே, ஷாஃப்ட் கேட்டில் நின்றதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"ரெண்டு விரல் போகும். பாதத்தைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன்" என்றார்.

உன்னிடம் அப்படியே சொன்னேன். நீ சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாய். பிறகு அழுதாய். முனுசாமிக்காகவா விரலுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வாசம், ஊசி, காயம் சுத்தமானதும் மறுபடி மாவுக்கட்டு, மறுபடி வாராவாரம் ரயில். ஒருவழியாகப் புண் முழுவதும் மூடி, உன் பாதத்துக்கு அளவெடுத்து, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நீ லைனில் நடந்தபோது, "இன்னாமே, கொழுகொழுன்னு செருப்பு" என்று கேலி செய்தார்கள். நான் மட்டும் கேலி செய்யவில்லை. தினமும் காலையில் உன் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பார்ப்பது எனக்கு வேலையாகிவிட்டது. பல் துலக்குவது மாதிரி. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே கலங்கிக்கொண்டிருந்த நாட்களிலும் நான் உன் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுரங்கம் மூடின வருஷமே நீயும் போனாய். காலையில் உன் காலைப் பார்த்துவிட்டு நான் எழுந்தபோது, "ஒரு மாதிரி அசதியா கீது, கொஞ்சம் படுக்கிறேன்" என்றாய். நெஞ்சு வலிக்கிறதா என்று நான் கேட்டேன். இல்லை என்றாய். அவ்வளவுதான், சோறு வடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு வந்திருக்கிறது, ரொம்ப நாள் சக்கரை இருந்தால் சிலருக்கு நெஞ்சில்கூட வலி தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் வாசலில் உட்கார்ந்து உன் காலைக் காவல் காத்தேன். சாவு கொல்லைப்பக்கமாக வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உன்னைக் குளிப்பாட்டும்போது பெண்களோடு நானும் இருந்தேன். மற்றவர்கள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, நான் கால்மாட்டில் உட்கார்ந்து உன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றைப் பார்த்து, அடுத்ததையும் பார்த்தேன். "இன்னாமே தேடுற?" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமே இல்லைதான். ஒரு கீறல்கூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது எனக்கும் சக்கரை. வீட்டில் யாரும் அதற்கு அலட்டிக்கொள்வதில்லை. நான் ஒருத்திதான் பயப்படுகிறேன், உனக்கும் சேர்த்து. போன வாரம் வெறுங்காலோடு அந்தக் கூரை வேலை நடக்கும் அறைக்குள் போய்விட்டேன். ஒரு கல்துண்டு குதிகாலில் சுருக்கென்று ஏறியது. "ஐயோ" என்று கத்திவிட்டேன். மருமகள் பதறி ஓடிவந்து, "இன்னா ஆச்சு அத்தே?" என்று காலைப் பிடித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வலிக்குதுமே, நல்லா வலிக்குது என்று உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.